கார்பன்டாசிம் ஊற்றியும் நாற்று சாய்வது ஏன்?

மாலையில் பச்சைப் பாய் விரித்தது போல இருந்த தக்காளி நாற்றங்கால். இரவெல்லாம் மழை. விடிந்ததும் போய்ப் பார்த்தால் பாத்தியின் நடுவே ஒரு சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு வட்டம் விழுந்திருக்கிறது. அதற்குள் இருக்கும் நாற்றெல்லாம் படுத்துக் கிடக்கின்றன. இலை வாடவில்லை, மஞ்சளாகவும் இல்லை, பச்சையாகவே இருக்கிறது. ஒன்றைத் தொட்டு எடுத்தால், மண்ணோடு ஒட்டிய இடத்தில் தண்டு நீர் கோத்து, நூல் போலச் சுருங்கி, இழுக்காமலே கையோடு வந்துவிடுகிறது. மறுநாள் அந்த வட்டம் முறத்தளவு ஆகிவிடும். இதைத்தான் நாற்றழுகல் என்கிறோம்.

மருந்துக்கடையில் போய்ச் சொன்னால் பல நேரம் முதலில் கிடைப்பது கார்பன்டாசிம் என்ற பூஞ்சாணக்கொல்லி. ஊற்றுகிறார்கள், ஆனாலும் நாற்று சாய்கிறது. "மருந்து டூப்ளிகேட்" என்ற முடிவுக்கு வருகிறார்கள். போலி மருந்து நடமாடுவது உண்மைதான். ஆனால் அசல் மருந்தை, சரியான அளவில் ஊற்றினாலும் இதே முடிவு வரக்கூடும். காரணம், நாற்றைச் சாய்த்த உயிரியிடம் அந்த மருந்து வேலையே செய்யாது என்பது. போதாததற்கு, எந்த மருந்து தடை செய்யப்பட்டது, எது இன்னும் இருக்கிறது என்ற குழப்பமும் சேர்ந்துகொண்டிருக்கிறது. அடிப்படையிலிருந்து தொடங்கினால்தான் இந்த முடிச்சு அவிழும்.

நாற்றழுகல் என்பது ஒரே நோய் அல்ல

நாற்றழுகல் என்று நாம் சொல்வது ஓர் அறிகுறிக்கு வைத்த பெயர். காய்ச்சல் என்பதைப் போல. காய்ச்சல் எதனால் வந்தது என்று பார்த்துத்தான் மருந்து கொடுப்பார்கள், இங்கும் அப்படித்தான்.

இது இரண்டு கட்டமாக வருகிறது.

1. முளைக்கும் முன் அழுகல். விதை ஊறி, முளை வெளிவரும்போதே மண்ணுக்குள் அழுகிவிடும். மேலே ஒன்றும் தெரியாது. பாத்தியில் அங்கங்கே சொட்டையாக இருக்கும். பெரும்பாலோர் "விதை சரியில்லை" என்று விதைக்கடைக்காரரிடம் சண்டைக்குப் போவது இந்தக் கட்டத்தில்தான்.

2. முளைத்த பின் அழுகல். மேலே சொன்ன வட்டம். முதல் இரண்டு, மூன்று வாரம்தான் ஆபத்தான காலம். அதன் பிறகு தண்டு முற்றி, நார் கட்டிவிடுவதால் அந்த உயிரிகளால் எளிதில் துளைத்து உள்ளே போக முடியாது.

தக்காளி நாற்று ஏறத்தாழ 25 நாளில் நடவுக்கு வரும். கத்தரிக்கு 30 முதல் 35 நாள், மிளகாய்க்கு அதற்கும் மேல். ஆக நாற்றங்கால் காலத்தின் முதல் இரண்டு, மூன்று வாரத்தைக் கடத்திவிட்டால் பெரும் பகுதி தப்பியாயிற்று. மருந்து, தண்ணீர், நிழல் எல்லாவற்றையும் இந்தப் பதினைந்து, இருபது நாளை மனத்தில் வைத்துத் திட்டமிட வேண்டும்.

சாய்ப்பவர்கள் இரு வேறு குலம்

கட்டுரையின் மையமே இந்தப் பகுதிதான்.

நாற்றழுகலை உண்டாக்குவதில் முதலிடம் பித்தியம் என்ற மண்வாழ் நுண்ணுயிரிக்கு. அதன் உறவு பைட்டோப்தோரா. இவற்றைப் பூஞ்சாணம் என்றே நெடுங்காலம் பாடப்புத்தகங்கள் எழுதின. பார்ப்பதற்கும் பூஞ்சாண இழை போலத்தான் இருக்கும். ஆனால் வம்சாவளிப்படி இவை உண்மையான பூஞ்சாணங்கள் அல்ல. கடலில் வளரும் பழுப்புப் பாசிகளுக்கு நெருக்கமானவை. பூஞ்சாணத்தின் செல்சுவரில் கைட்டின் முக்கியப் பொருள். இவற்றின் சுவரில் செல்லுலோஸும் குளுக்கனும். பூஞ்சாணங்கள் தம் செல்சவ்வுக்கு எர்கோஸ்டெரால் என்ற கொழுப்பைத் தயாரிக்கும், இவை தயாரிப்பதில்லை. 1845இல் அயர்லாந்தின் உருளைக்கிழங்கை அழித்துப் பெரும்பஞ்சத்துக்கு வழிவிட்ட பைட்டோப்தோராவும் இந்தக் குலம்தான்.

இவற்றின் இன்னொரு குணம் நீச்சல். மண்ணில் தண்ணீர் தேங்கினால் இரண்டு வால் கொண்ட நுண்ணிய வித்துகளை வெளியே விடும். அவை மண்துகள்களுக்கு இடையே நிற்கும் நீரில் நீந்தி, வேரிலிருந்து கசியும் சர்க்கரையின் வாசனையைப் பிடித்துக்கொண்டு வேரை அடைந்து ஒட்டிக்கொள்ளும். மழை பெய்த மறுநாளே வட்டம் விழும் மர்மம் இதுதான். தண்ணீர் வடிந்த பிறகும் தடித்த சுவருள்ள வித்துகளாக மாறி வருடக்கணக்கில் மண்ணில் கிடக்கும். நம் பகுதியில் அதிகம் தொல்லை தரும் பித்தியம் அஃபானிடெர்மேட்டம் வெயில் காலச் சூட்டையும் விரும்பும் இனம்; 30 டிகிரிக்கு மேல் அதற்குக் கொண்டாட்டம். குளிர்காலத்தில்தான் வரும் என்று நினைத்து, கோடை நாற்றங்காலில் அலட்சியமாக இருக்க முடியாது.

இரண்டாவது குலம் உண்மையான பூஞ்சாணங்கள்: ரைசோக்டோனியா, ஃபுசேரியம், ஸ்கிளெரோசியம். இவை நீந்துவதில்லை. மண்ணிலும் மட்காத குப்பையிலும் இழையாகப் படர்ந்து வரும். மண் மிதமான ஈரத்தில் இருந்தாலே இவற்றுக்குப் போதும்.

ஆய்வுக்கூடம் இல்லாமலே ஓரளவு பிரித்தறியலாம்.

1. தண்டு நீர் கோத்து, வெந்தது போலக் கூழாகி, நாற்று சடசடவெனச் சாய்ந்தால் பித்தியம். அதிகாலையில் போனால் பாத்தியின் மேல் பஞ்சு பறந்து ஒட்டியது போல வெள்ளை இழை தெரியும். வெயில் ஏறினால் மறைந்துவிடும்.

2. தண்டின் கழுத்தில் செம்பழுப்பு நிறத்தில், உலர்ந்த, குழி விழுந்த புண் இருந்து, நாற்று உடனே விழாமல் கம்பி போல மெலிந்து நின்றால் ரைசோக்டோனியா.

3. கழுத்தைச் சுற்றி வெள்ளை இழையும், அதில் கடுகு போன்ற பழுப்பு உருண்டைகளும் இருந்தால் ஸ்கிளெரோசியம்.

சந்தேகம் இருந்தால் சாய்ந்த நாற்று நான்கைந்தை மண்ணை அலசிவிட்டு, ஈரத்துணியோடு ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு ஓர் இரவு வைத்துப் பாருங்கள். காலையில் பஞ்சு போலப் பொங்கி நின்றால் பித்தியமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். தண்டு அழுகாமல் கத்தரித்தது போல வெட்டுப்பட்டிருந்தால் அது நோயே அல்ல, வெட்டுப்புழு. அதற்குப் பூஞ்சாணக்கொல்லி ஊற்றுவது வீண்.

எந்த மருந்து யாரிடம் பேசும்

இப்போது கார்பன்டாசிம் கதைக்கு வரலாம். இது பூஞ்சாணச் செல்லில் டியூபுலின் என்ற புரதத்தைப் பிடித்துச் செல் பிரிவதை நிறுத்தும். பித்தியம் குலத்தின் டியூபுலினில் அதற்குப் பிடி கிடைப்பதில்லை. பூட்டு வேறு, சாவி வேறு. இரண்டு மடங்கு ஊற்றினாலும் அதே கதைதான். ஹெக்சகோனசோல், டெபுகோனசோல் போன்ற மருந்துகள் எர்கோஸ்டெரால் தயாரிப்பைத் தடுப்பவை. எர்கோஸ்டெராலே தயாரிக்காத பித்தியத்திடம் அவற்றுக்கும் வேலை இல்லை.

மெட்டலாக்சில் நேர் எதிர். 1977இல் சந்தைக்கு வந்த இது, பித்தியம், பைட்டோப்தோரா குலத்தில் ஆர்.என்.ஏ. உருவாவதை நிறுத்துகிறது. உண்மையான பூஞ்சாணங்களை ஒன்றும் செய்யாது. ரைசோக்டோனியாவால் சாயும் நாற்றுக்கு மெட்டலாக்சில் மட்டும் கொடுத்தால் பணம்தான் கரையும். புரோபமோகார்ப், ஃபோசெட்டில் அலுமினியம் ஆகியவையும் பித்தியம் பக்கத்து மருந்துகள்தான்.

இரு குலத்தையும் தொடுபவை பழைய மருந்துகள்: கேப்டான், திரம், மாங்கோசெப், காப்பர் ஆக்ஸிகுளோரைடு, போர்டோ கலவை. இவை செல்லுக்குள் ஒரே இடத்தைக் குறிவைப்பதில்லை. பல நொதிகளை ஒரே நேரத்தில் முடக்கும். அதனால் இவற்றுக்கு எதிர்ப்புச் சக்தி உருவாவதும் அரிது. குறை ஒன்று உண்டு. செடிக்குள் இவை பரவுவதில்லை. வித்து முளைத்து உள்ளே நுழையும் முன் மேற்பரப்பிலேயே தடுத்தால்தான் பலன்.

பூஞ்சாணக்கொல்லியில் பெரும்பாலானவை காவல் மருந்துகள். சாய்ந்த நாற்றை எந்த மருந்தும் நிமிர்த்தாது. வட்டத்துக்கு வெளியே நிற்கும் நாற்றைக் காப்பாற்றத்தான் ஊற்றுகிறோம். இதைப் புரிந்துகொண்டால் "மருந்து கேட்கவில்லை" என்ற புகாரில் பாதி குறைந்துவிடும்.

கலவை மருந்துகளின் தர்க்கமும் இதிலிருந்தே விளங்கும். மெட்டலாக்சில் 8 சதவீதம், மாங்கோசெப் 64 சதவீதம் என்று ஒரே பொட்டலத்தில் வருவது ஏன்? மெட்டலாக்சில் வந்து மூன்றே ஆண்டுக்குள், 1980 வாக்கில், இஸ்ரேலில் வெள்ளரியிலும் ஐரோப்பாவில் உருளைக்கிழங்கிலும் அதற்கு அடங்காத வகைகள் தோன்றிவிட்டன. ஒரே இடத்தைத் தாக்கும் மருந்துக்கு ஒரே ஒரு மாற்றத்தால் தப்பிவிட முடிந்தது. தப்பியவனைப் பிடிக்க மாங்கோசெப்பைத் துணைக்கு வைத்தார்கள். கார்பன்டாசிம் 12, மாங்கோசெப் 63 என்ற கலவையும் கடைகளில் அதிகம் போகிறது. அதில் பித்தியத்தை ஓரளவு தடுப்பது மாங்கோசெப் பாதி மட்டுமே என்று தெரிந்து வாங்க வேண்டும்.

அளவு தவறும் இடம்

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தக்காளி நாற்றழுகலுக்குச் சொல்வது: காப்பர் ஆக்ஸிகுளோரைடு, லிட்டருக்கு 2.5 கிராம், சதுர மீட்டருக்கு 4 லிட்டர் கரைசல், மண் நனைய ஊற்ற வேண்டும்.

பலரும் லிட்டருக்கு 2.5 கிராம் என்பதைப் பிடித்துக்கொண்டு, 4 லிட்டர் என்பதை விட்டுவிடுகிறார்கள். ஒரு மீட்டர் அகலம், ஐந்து மீட்டர் நீளமுள்ள ஒரு பாத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து சதுர மீட்டர். 20 லிட்டர் கரைசல். 50 கிராம் மருந்து. நடைமுறையில் நடப்பது என்ன? ஒரு டேங்க் கரைத்து, நாலைந்து பாத்திக்கு இலை மேல் புகை போல அடித்துவிட்டுப் போகிறார்கள். நோய் இருப்பது மண்ணில், தண்டின் கழுத்தில். இலையில் படிந்த நீலம் அங்கே இறங்குவதே இல்லை. கைத்தெளிப்பானை ஒதுக்கிவிட்டுப் பூவாளியை எடுங்கள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. தண்ணீர் தேங்கியதால் வந்த நோய்க்கு மேலும் 4 லிட்டர் ஊற்றச் சொல்கிறோம். ஆகவே மருந்து ஊற்றும் நாளில் தனியாகத் தண்ணீர் விடக் கூடாது. காலையில் ஊற்ற வேண்டும், மாலைக்குள் மேல்மண் உலர்ந்துவிட வேண்டும். பாத்தியில் நீர் நிற்கிறது என்றால் முதலில் வாய்க்கால் வெட்டி வடித்துவிட்டு, அப்புறம் மருந்து.

கேப்டானில் இன்னொரு நுணுக்கம். அது காரத்தன்மையுள்ள நீரில் சீக்கிரம் சிதைந்துவிடும். நீரின் பி.எச். (அமில, கார அளவு) 7 என்றால் பாதி சிதைய சில மணி நேரம் ஆகும். 8 ஆனால் நிமிடக் கணக்குதான். ஆழ்துளைக் கிணற்று உப்புநீரில் பி.எச். 8க்கு மேல் இருப்பது சாதாரணம். அந்தத் தண்ணீரில் காலையில் கரைத்து வைத்து, டீ குடித்துவிட்டு வந்து ஊற்றினால் ஊற்றுவது பெரும்பாலும் வெறும் தண்ணீர். கரைத்த கையோடு ஊற்றுங்கள்; சுண்ணாம்பு சேர்ந்த எதனோடும் கலக்காதீர்கள்.

போர்டோ கலவையைத் தாமே தயாரிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1885இல் பிரான்சின் போர்டோ பகுதியில் திராட்சைக்காக மில்லார்தே என்ற தாவரவியலாளர் வெளியிட்ட முறைதான் இது. ஒரு சதவீதக் கலவை பத்து லிட்டருக்கு: மயில்துத்தம் (காப்பர் சல்பேட்) 100 கிராம், நீற்றாத சுண்ணாம்பு 100 கிராம். இரண்டையும் தனித்தனிப் பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புக் கரைசலில் கிளறியபடி ஊற்ற வேண்டும். பளபளப்பான இரும்புக் கத்தியை அதில் சிறிது நேரம் விட்டு எடுங்கள். செம்பு நிறம் ஏறினால் துத்தம் மிகுதி. அப்படியே ஊற்றினால் இளநாற்று கருகும். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்பு சேர்த்து மறுபடி பாருங்கள். அன்றே தீர்த்துவிட வேண்டும்; மறுநாளுக்கு வைத்தால் பலன் இருக்காது.

விதைப் பாக்கெட்டில் ஒரு கணக்கு

விதை நேர்த்திக்கு, அதாவது விதைக்கும் முன் விதையில் மருந்து தடவுவதற்கு, "கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா" என்று எல்லாக் கையேட்டிலும் இருக்கும். நோய்ப் பூஞ்சாணங்களை அடக்கும் உயிர் மருந்து அது. நாட்டு ரகத்தில் விதையெடுத்து அரைக்கிலோ, ஒரு கிலோ நேர்த்தி செய்தவர்களுக்கு அது பொருந்தியது. இன்று கையில் இருப்பது 10 கிராம் வீரிய ஒட்டு விதைப் பாக்கெட். அதற்கு 4 கிராம் விகிதப்படி 0.04 கிராம். எந்தத் தராசில் நிறுப்பது?

அதைவிட முக்கியம், அந்த விதை பெரும்பாலும் நிறுவனத்திலேயே நேர்த்தி செய்யப்பட்டு வருகிறது. இளஞ்சிவப்பு, நீலம், பச்சை என்று சாயம் ஏறியிருந்தால் அதுதான் அடையாளம். பாக்கெட்டின் பின்புறம் சிறிய எழுத்தில் திரம் அல்லது வேறொரு மருந்தின் பெயர் இருக்கும். திரம் பூசிய விதையின் மேல் டிரைக்கோடெர்மாவைத் தடவுவது, பூஞ்சாணக்கொல்லியின் மடியில் பூஞ்சாணத்தை உட்கார வைப்பது. டிரைக்கோடெர்மாவும் ஒரு பூஞ்சாணம்தான் என்பது இந்த இடத்தில் மறந்துபோகிறது. அதை மட்கிய தொழுவுரத்திலோ, குழித்தட்டில் நிரப்பும் தென்னை நார்க்கழிவிலோ கலந்துவிடுவது சரியான வழி.

திரம் பற்றி எச்சரிக்கை ஒன்று. குடியை நிறுத்துவதற்குக் கொடுக்கும் டைசல்ஃபிராம் மாத்திரையின் வேதி உறவு இது. திரம் கையாண்ட உடம்போடு அன்று மது அருந்தினால் முகம் சிவந்து, படபடப்பும் வாந்தியும் வரும். கையுறையும் முகக்கவசமும் இல்லாமல் வெறுங்கையால் விதையைப் பிசைவது வேண்டாம். மீந்துபோன சாய விதையைக் கோழிக்குப் போடுவதும் வேண்டாம்.

உயிர் மருந்தும் ரசாயன மருந்தும் ஒரே பாத்தியில்

இரண்டையும் பயன்படுத்தலாம். வரிசை தெரிந்திருக்க வேண்டும்.

1. டிரைக்கோடெர்மாவைக் கார்பன்டாசிம் கொன்றுவிடும். மெட்டலாக்சில் அதை ஏறத்தாழத் தொடாது; காரணம் முன்பே பார்த்த குலப் பிரிவுதான்.

2. இன்னொரு உயிர் மருந்தான சூடோமோனாஸ் ஒரு பாக்டீரியா. கார்பன்டாசிம் அதைப் பெரிதாகப் பாதிக்காது. செம்பு மருந்துகள் பாதிக்கும். சூடோமோனாஸ் இட்ட பாத்தியில் நாலு நாள் கழித்துக் காப்பர் ஆக்ஸிகுளோரைடு ஊற்றினால் முன்பு செய்த செலவு போயிற்று.

3. உயிர் மருந்தை விதைப்புக்கு முன்பே மண்ணில் நிலைகொள்ள விட வேண்டும். வட்டம் விழுந்த பிறகு டிரைக்கோடெர்மா தூவுவது காலம் கடந்த வேலை. அந்த நிலையில் ரசாயன மருந்தை ஊற்றி நிறுத்தி, பதினைந்து நாள் கழித்து உயிர் மருந்துக்குத் திரும்பலாம்.

தடைச் செய்திகளில் எது உண்மை

2020 மே மாதம் மத்திய வேளாண் அமைச்சகம் 27 பூச்சிக்கொல்லி, களைக்கொல்லி, பூஞ்சாணக்கொல்லிகளைத் தடை செய்ய ஒரு வரைவு ஆணை வெளியிட்டது. அதில் கேப்டான், திரம், கார்பன்டாசிம், மாங்கோசெப் நான்கும் இருந்தன. நாற்றங்கால் மருந்து அலமாரியில் பாதி. வரைவு என்பது கருத்துக் கேட்பதற்கான தாள். அதுவே சட்டம் அல்ல. ஆனால் கைப்பேசிச் செய்திகளில் அது "தடை" என்றே பரவிற்று, இன்றும் பரவுகிறது. 2023இல் வந்த ஆணை முழுதாக நிறுத்தியவை டைகோஃபால், டைனோகாப், மெத்தோமில். மற்றும் சிலவற்றுக்குக் குறிப்பிட்ட பயிர்களில் மட்டும் அனுமதி விலக்கப்பட்டது.

ஐரோப்பிய ஒன்றியமோ திரமுக்கு 2018இலும் மாங்கோசெப்புக்கு 2020இலும் அனுமதியைப் புதுப்பிக்க மறுத்துவிட்டது. இரண்டு நிலைப்பாட்டுக்கும் இடையே நம் உழவர் நிற்கிறார். என் கருத்து இது: பல இடத்தில் தாக்கும் பழைய மருந்துகள் ஒவ்வொன்றாக விலகும் நாள் வரத்தான் போகிறது. அப்போது ஓரிடத்தில் மட்டும் தாக்கும் மருந்துகளையே நம்பி நின்றால், மெட்டலாக்சிலுக்கு நேர்ந்தது எல்லாவற்றுக்கும் நேரும். நாற்றங்காலை மருந்துத் தேவையே குறையும்படி அமைப்பதை இப்போதே தொடங்க வேண்டும்.

அதற்கு வழி புதிதல்ல. 15 சென்டிமீட்டர் உயர மேட்டுப்பாத்தி, வரிசை விதைப்பு, நெருக்கம் தவிர்த்தல், நன்கு மட்கிய எரு. சித்திரை, வைகாசி வெயிலில் ஈரமான பாத்தியை ஒளி ஊடுருவும் பாலித்தீன் தாளால் நாலு முதல் ஆறு வாரம் இறுக மூடி வைத்தால், மேல்மண்ணின் வித்துகள் பெரும்பகுதி வெந்துவிடும். இஸ்ரேலில் 1976இல் ஆய்வுக் கட்டுரையாக வந்த முறை இது. கறுப்புத் தாள் வேண்டாம், அது சூட்டை மேலேயே நிறுத்திக்கொள்ளும். பாத்தியில் சருகைப் பரப்பி எரித்துவிட்டு விதைத்த நம் முன்னோரின் வழக்கமும் இதே நோக்கத்தில்தான். குழித்தட்டு இன்னொரு படி மேல்: 98 குழியும் தனித்தனி வீடு என்பதால், ஒரு குழியில் விழுந்த நோய் பக்கத்துக் குழிக்கு வேர் வழியாகப் போக முடியாது. ஆனால் பழைய தட்டைக் கழுவாமல் திரும்ப நிரப்பினால் அந்தப் பலனும் போய்விடும்.

நாளை காலை வட்டம் தெரிந்தால்

1. தண்ணீரை நிறுத்துங்கள். நிழல்வலையை விலக்கிக் காற்றும் வெயிலும் பட விடுங்கள்.

2. வட்டத்தையும் அதைச் சுற்றி ஒரு சாண் அளவு நல்ல நாற்றையும், மேல்மண்ணோடு அள்ளி எடுத்துத் தோட்டத்துக்கு வெளியே புதையுங்கள். வெளியே நிற்கும் நாற்று நன்றாகத்தானே இருக்கிறது என்று மனம் கேட்காது. ஆனால் இழை அங்கே ஏற்கெனவே போயிருக்கும்.

3. எந்த வகை அழுகல் என்று பாருங்கள். கூழாகச் சாய்ந்தால் மெட்டலாக்சில் கலவை அல்லது காப்பர் ஆக்ஸிகுளோரைடு. உலர்ந்த பழுப்புப் புண் என்றால் கார்பன்டாசிம் அங்கே பயன்படும். தெரியவில்லை என்றால் இரு குலத்தையும் தொடும் கேப்டான் அல்லது செம்பு மருந்து. எதுவானாலும் பொட்டலத்தில் உங்கள் பயிரின் பெயர் இருக்கிறதா என்று படித்துவிட்டு வாங்குங்கள்.

4. பூவாளியில், காலையில், மண் நனைய ஊற்றுங்கள்.

5. ஏழு முதல் பத்து நாள் கழித்து மறுபடி தேவைப்பட்டால் அதே மருந்தைத் திரும்ப எடுக்காமல் வேறு வகைக்கு மாறுங்கள்.

6. அந்தப் பாத்தியில் மிஞ்சிய நாற்றைப் பிடுங்கும்போது வேரைப் பாருங்கள். வெள்ளையாக இருந்தால் நடலாம். வேர்நுனி பழுப்பேறி, உருவினால் மேல்தோல் உறை போலக் கழன்று உள்நரம்பு மட்டும் மிஞ்சினால் அது பித்தியம் ஏறிய நாற்று. நட்டால் வயலுக்கும் அதைக் கொண்டுபோகிறீர்கள், விட்டுவிடுங்கள்.